ஈஸியா, நார்மலா, ஹார்டா? கேமிலும் மென்பொருளிலும் கஷ்டத்தை எங்கே வைத்துக்கொள்வது

புது கேம் ஒன்றைத் திறந்தால் கதை தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து நிற்கும்: ஈஸி, நார்மல், ஹார்டு, எது வேண்டும்? இன்னும் ஒரு எதிரியைக்கூடப் பார்க்கவில்லை, எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாது, அதற்குள் அடுத்த நாற்பது மணி நேரத்துக்கான முடிவை எடுக்கச் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நார்மலைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், கொஞ்சம் ரோஷக்காரர்கள் ஹார்டுக்குப் போகிறார்கள், ஈஸியை எடுத்தவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணமும் இருக்கிறது. 1992-இல் வந்த வுல்ஃபன்ஸ்டைன் 3டி, தன் ஈஸி லெவலுக்கு "அப்பா, நான் விளையாடலாமா?" என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்து, ஹீரோவின் தலையில் குழந்தைக் குல்லாவும் வாயில் ரப்பர் சூப்பானும் மாட்டிவிட்டது. அந்தக் கேலி இன்னும் முழுசாகப் போகவில்லை.

இந்தக் கேள்வியில் எனக்குத் தொழில் சார்ந்த அக்கறையும் உண்டு. பகலில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறேன், இரவில் விளையாடுகிறேன். பகலில் யாராவது "கஷ்டமாக இருக்கு சார்" என்றால் அது புகார், உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். இரவில் ஒரு கேமைப் பற்றி அதையே சொன்னால் பாதி நேரம் அது பாராட்டு. அதனால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேமில் கஷ்டம் என்பது நாம் காசு கொடுத்து வாங்குகிற சரக்குதான், சரி, ஆனால் கேமுக்குள் இருக்கிற எல்லாக் கஷ்டமும் அந்தச் சரக்கில் சேராது. இந்த எதிரியை எப்படி வீழ்த்துவது என்று மண்டையைக் குடைவது ஒரு வகை. மருந்து பாட்டிலை எடுக்க மூன்று மெனுவைத் தாண்டுவது வேறு வகை. முதலாவதை அவரவர் ருசிக்கேற்பக் கூட்டலாம் குறைக்கலாம். இரண்டாவது எந்த லெவலிலும் யாருக்கும் தேவையில்லை.

இந்த அளவுகோலை வைத்துத்தான் கேம்கள் கஷ்டத்தைக் கையாளுகிற நான்கு வழிகளைக் கீழே ஒப்பிடுகிறேன். யாருக்காக என்றால், வேலை முடிந்து, சாப்பிட்டு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கிடைக்கிறவர்களுக்காக. செமஸ்டர் லீவில் இருக்கிற பையன் எதை வேண்டுமானாலும் விளையாடிக்கொள்ளட்டும், அவனுக்கு யார் ஆலோசனையும் தேவையில்லை.

கேள்வியே கேட்காத கேம்கள்

டார்க் சோல்ஸ் (2011), செகிரோ (2019), எல்டன் ரிங் (2022). மூன்றும் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தவை, மூன்றிலும் லெவல் தேர்வு கிடையாது. எல்லோருக்கும் ஒரே மலை, ஏறினால் ஏறு. டார்க் சோல்ஸில் செத்தால் கடைசியாக உட்கார்ந்த நெருப்புக்குத் திரும்புவீர்கள், வழியில் கொன்ற எதிரிகள் எல்லாம் உயிரோடு எழுந்து நிற்பார்கள், சேர்த்த சோல்ஸ் (அந்த கேமின் காசு) அத்தனையும் செத்த இடத்திலேயே கிடக்கும். போய்த் தொட்டால் திரும்பக் கிடைக்கும், போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் மொத்தமும் போச்சு.

இதன் உச்சம் அனோர் லோண்டோ மண்டபத்தில் நடக்கும் ஆர்ன்ஸ்டைன், ஸ்மவ் சண்டை. ஒருவன் ஈட்டியோடு வழுக்கிக்கொண்டு வருவான், இன்னொருவன் பெரிய உடம்பும் பெரிய சம்மட்டியுமாக அசைந்து அசைந்து வருவான். வேகமானவனைக் கவனித்தால் குண்டன் அடிப்பான், குண்டனைக் கவனித்தால் ஈட்டி முதுகில் ஏறும். மண்டபத்துத் தூண்கள்தான் உங்கள் ஒரே நண்பர்கள். எப்படியோ ஒருவனைச் சாய்த்துவிட்டால் மற்றவன் அவனுடைய சக்தியை உறிஞ்சிக்கொண்டு முழு உயிரோடு எழுவான், ஆக எவனை முதலில் கொல்வது என்பதே ஒரு முடிவு. இங்கே எதுவும் மறைத்து வைக்கப்படவில்லை. அடி எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தோற்றால் ஏன் தோற்றோம் என்று நமக்கே தெரியும், அதனால்தான் கோபம் வந்தாலும் கேமை அழிக்கத் தோன்றுவதில்லை.

இப்போது இதே கேம் 2012-இல் கணினிக்கு வந்த கதையைப் பாருங்கள். உள்ளே படம் 1024க்கு 720 என்ற அளவில்தான் உருவாகும், உங்கள் திரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதையே இழுத்துப் பூசும். வினாடிக்கு 30 ஃப்ரேமுக்கு மேல் போகாது. கீபோர்டில் விளையாடினாலும் திரையில் கன்ட்ரோலர் பட்டன் பெயர்தான் வரும், எந்தக் கீயை அழுத்துவது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்கிற நிலைமை. வெளிவந்த உடனேயே ஒரு ரசிகர் டிஎஸ்ஃபிக்ஸ் என்ற திருத்தத்தை எழுதி வெளியிட்டார், விவரம் தெரிந்தவர்கள் கேமை நிறுவிய கையோடு அதையும் நிறுவினார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், உலகிலேயே கஷ்டமான கேம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு விளையாடிய அதே ஆட்கள்தான் இந்தக் கஷ்டத்தை ஒரு நாள்கூடப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஈட்டிக்காரனை யாரும் திருத்தக் கேட்கவில்லை, கீபோர்டைத்தான் திருத்தினார்கள்.

இந்த வகையை எடுக்கலாமா? ஒரு விஷயத்தை முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்: எல்டன் ரிங்கில் சாதாரணமாக பாஸ் செய்ய, அதாவது ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க, முடியாது. குழந்தை எழுந்து அழுதாலும், காலிங் பெல் அடித்தாலும் எதிரி நிற்க மாட்டான். செகிரோவில் நிறுத்தலாம். இரண்டும் ஒரே நிறுவனம்தான், ஒன்றில் பாஸ் இருப்பதால் செகிரோவின் கஷ்டம் ஒரு துளிகூடக் குறைந்துவிடவில்லை. அப்புறம் எல்டன் ரிங்கில் லெவல் தேர்வு இல்லை என்று சொன்னாலும், துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், முடியாத இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் சுற்றி உடம்பைத் தேற்றிக்கொண்டு வரலாம். அதுவும் ஈஸி லெவல்தான், பெயர்ப்பலகை மட்டும் மாட்டவில்லை.

மெனுவில் கேட்கிறவை

பழைய வழி, இன்னும் அதிகம் பார்க்கிற வழி. இதில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்கைரிம் கேமில் மிக உயர்ந்த லெவலுக்குப் போனால் நீங்கள் அடிக்கும் அடி கால்வாசியாகக் குறையும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். அவ்வளவுதான் மாற்றம். எதிரிக்கு ஒரு புதுத் தந்திரமும் வராது, நான்கு முறை வெட்டிச் சாய்த்த அதே கொள்ளைக்காரனைப் பதினாறு முறை வெட்ட வேண்டும். இதற்குப் பெயர் கஷ்டம் என்றால் ரேஷன் கடை வரிசையும் கஷ்டமான கேம்தான்.

இதற்கு நேரெதிராக 1998-இல் வந்த தீஃப். அதில் லெவலை உயர்த்தினால் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் கூடும், மிக உயர்ந்த லெவலில் மனிதர்களைக் கொல்லவே கூடாது. நீங்கள் திருடன், ஆளைக் கொன்றுவிட்டு வருகிற திருடன் என்ன திருடன்? ஆக ஹார்டை எடுத்தால் கேமே வேறு ஒன்றாகிவிடுகிறது. 1997-இன் கோல்டன்ஐ 007-உம் ஏறக்குறைய இப்படித்தான் செய்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகிறது, இன்னமும் பல பெரிய கேம்கள் வெறும் பெருக்கல் கணக்கை வைத்தே ஒப்பேற்றுகின்றன.

அதனால் மெனு வந்தால் என் வழி எளிது. லெவலை நடுவில் மாற்றலாமா என்று மட்டும் பார்க்கிறேன். மாற்றலாம் என்றால் நார்மல், யோசிக்கவே வேண்டாம். மாற்ற முடியாது என்றால், ஹார்டில் என்ன கூடுகிறது என்று யாராவது எழுதியிருப்பதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

தனித்தனி சுவிட்சுகள்

நான்கு வழிகளில் எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. 2018-இல் வந்த செலெஸ்ட் மலையேறும் கேம், விரல்களைக் கதற வைக்கும். ஆனால் அசிஸ்ட் மோடு என்று ஒன்று வைத்தார்கள். கேமின் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாக 50 வரை குறைக்கலாம், பிடிமானம் தீராமல் வைத்துக்கொள்ளலாம், காற்றில் எத்தனை முறை பாயலாம் என்பதைக் கூட்டலாம், சாகாமலே போகலாம். ஒவ்வொன்றும் தனி சுவிட்ச். வேகத்தை 80-க்குக் குறைத்தவர் மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டு விளையாடலாம். அவருக்குக் குறை யோசனையில் இல்லை, விரலின் வேகத்தில்தான். ஈஸி என்ற ஒரே பட்டன் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

2020-இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் இதை இன்னும் விரித்தது. லெவலையே ஐந்தாக உடைத்துவிட்டார்கள்: நீங்கள் வாங்கும் அடி, எதிரிகளின் திறமை, கூட வருபவர்களின் திறமை, ஒளிந்து போவது, கிடைக்கும் பொருட்கள். எதிரிகள் சாமர்த்தியமாக இருக்கட்டும், தோட்டா மட்டும் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கட்டும் என்று வைக்கலாம். பார்வை, கேட்கும் திறன், கை அசைவு ஆகியவற்றில் குறை உள்ளவர்களுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் தனியே இருக்கின்றன. அவற்றில் பல, குறை எதுவும் இல்லாத ஆனால் பத்து மணிக்கு மேல் கண் சொருகுகிற ஆட்களுக்கும் உதவும். பெரிய சப்டைட்டில் யாருக்குத்தான் வேண்டாம்?

ஹேடிஸில் காட் மோடு என்று ஒன்று. அதைப் போட்டால் வாங்கும் அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம் குறையும், 80 வரை போகும். சாகச் சாகப் பலம் ஏறுகிறது. செத்துச் செத்துப் பிறப்பதே அந்தக் கதை என்பதால் ஒட்டாமல் நிற்கவுமில்லை. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் கார் பந்தய வரிசையின் பழைய கேம்கள் இன்னொரு தினுசு: பிரேக் உதவி, வழிகாட்டும் கோடு இதையெல்லாம் அணைத்தால் பரிசுப் பணம் கூடும். ஒன்றில் உதவியைக் கேட்கிறவனைக் கேலி செய்யவில்லை, மற்றதில் உதவி வேண்டாம் என்கிறவனுக்குக் கூலி கொடுக்கிறார்கள். வுல்ஃபன்ஸ்டைன் குல்லாவிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பாருங்கள்.

சுவிட்சுகளில் ஒரே குறை, எல்லாவற்றையும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அமைப்புப் பக்கத்திலேயே அரை மணி நேரம் போய்விடும். மென்பொருளிலும் இதே நோய் உண்டு, எடிட்டரின் நிறம், எழுத்துரு, செருகுநிரல் என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க அமைத்துவிட்டு ஒரு வரி நிரல் எழுதாமல் படுக்கப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

தானாகவே மாறுகிறவை

2005-இன் ரெசிடென்ட் ஈவில் 4 உங்களிடம் சொல்லாமலே கவனித்துக்கொண்டிருக்கும். அடிக்கடி செத்தால் எதிரிகள் தளர்வார்கள், சில இடங்களில் ஆளே குறையும். நன்றாக விளையாடினால் இறுக்கும். லெஃப்ட் 4 டெட் (2008) இதற்கு டைரக்டர் என்றே பெயர் வைத்து, ஆட்டக்காரர்கள் எவ்வளவு திணறுகிறார்கள் என்று பார்த்து எப்போது ஜாம்பிக் கூட்டத்தை அனுப்புவது, எங்கே மருந்து வைப்பது என்பதை நிர்ணயித்தது. இரண்டும் அருமையாக வேலை செய்தன. காரணம், யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் உறுத்தவில்லை.

உறுத்தினால் என்னாகும் என்பதற்கு ஆப்லிவியன் (2006). நீங்கள் வளர வளர ஊரே உங்களோடு வளரும். சாலையோரம் நின்று சில்லறை கேட்டு மிரட்டுகிற கொள்ளைக்காரன், கேமின் பிற்பகுதியில் ஒரு ஜமீனையே வாங்கும் விலையுள்ள கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். அந்தக் கவசத்தை விற்றால் பேரன் பேத்தி வரை உட்கார்ந்து சாப்பிடலாமே, இவன் ஏன் இன்னும் வழிப்பறி செய்கிறான்? வளர்ந்தோம் என்ற உணர்வும் போனது, உலகம் நிஜம் என்ற நம்பிக்கையும் போனது.

அலுவலக மென்பொருளில் இதே சோதனை ஏற்கெனவே நடந்து தோற்றிருந்தது. மைக்ரோசாஃப்டின் ஆஃபீஸ் 2000-இல் மெனுவைத் திறந்தால் நீங்கள் அடிக்கடி தொடுகிறவை மட்டும் தெரியும், மற்றவை ஒளிந்துகொள்ளும், பயன்பாட்டைப் பொறுத்து இடமும் மாறும். நல்ல எண்ணம்தான். ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்தது இன்று இல்லை என்றால் கை எங்கே போய்ப் பழகும்? மென்பொருளில் வேகம் என்பது பாதி கையின் ஞாபகம். 2007-இல் மெனுவுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்தபோது அந்த ஒளிந்து விளையாடும் மெனுக்களுக்கு அந்த நிரல்களில் வேலையில்லாமல் போனது. ஆஃபீஸ் 97-இல் வந்த கிளிப்பி என்ற காகிதக் கிளிப் உதவியாளரும் அதே சமயம்தான் முழுசாக விடைபெற்றார், நீங்கள் கடிதம் எழுதுவதுபோல் தெரிகிறதே என்று எட்டிப்பார்த்த அந்தக் கம்பிக்கு யாரும் அழவில்லை.

ஆகத் தானாக மாறுவதில் என் கணக்கு இது. எதிராளி மாறலாம், கருவி மாறக் கூடாது. ஜாம்பி எத்தனை பேர் வருவார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறாக இருக்கட்டும். துப்பாக்கி இருக்கும் இடம் மட்டும் நேற்று இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

நிஜம்போல் இருக்கட்டுமா?

கஷ்டத்தோடு கூடவே வருகிற அடுத்த தேர்வு இது, சில கேம்களில் தனி மோடாகவே கேட்பார்கள். ஃபால்அவுட்: நியூ வேகஸ் (2010) கேமின் ஹார்ட்கோர் மோடில் தாகம், பசி, தூக்கம் எல்லாம் உண்டு, தோட்டாவுக்குக்கூட எடை உண்டு. போடுவதா வேண்டாமா?

கிங்டம் கம்: டெலிவரன்ஸ் (2018) இந்த விவாதத்துக்கு நல்ல களம், ஏனென்றால் ஒரே கேமுக்குள் நிஜத்தின் நல்ல முகமும் கெட்ட முகமும் இருக்கின்றன. கதை 1403-இல், பொஹீமியாவில். ஹென்றி ஒரு கொல்லனின் மகன், எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவன் கையில் புத்தகம் கிடைத்தால் திரையில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று இடம் மாறிக் கிடக்கும், நமக்கும் படிக்க வராது. ஊழிட்ஸ் என்ற ஊரில் ஒரு எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும், அப்புறம் படிக்கப் படிக்கச் சொற்கள் மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வரும். எழுத்தறிவு இல்லாத மனிதனாக இருப்பது எப்படி என்று ஒரு நிமிடத்தில் உணர வைக்கிற இந்த யோசனையை வேறு எந்தக் கலையிலும் இப்படிச் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

அதே கேமில் சேவ் செய்ய ஒரு சாராயம் வேண்டும். வாங்க வேண்டும் அல்லது காய்ச்ச வேண்டும், குடித்தால் சேவ் ஆகும், அதிகம் குடித்தால் ஹென்றிக்கு போதை ஏறும். இல்லையென்றால் சொந்தப் படுக்கையில் தூங்கினால் சேவ் ஆகும். யோசித்தவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது, எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்றால் எந்த முடிவுக்கும் கனம் இருக்காது, திருடிப் பார்த்து மாட்டினால் பழைய சேவுக்கு ஓடிவிடலாம். ஆனால் சேவ் என்பது ஹென்றியின் வாழ்க்கையைச் சேர்ந்ததா, என் வாழ்க்கையைச் சேர்ந்ததா? கரண்ட் போவது 1403-இன் பொஹீமியாவில் நடக்கவில்லை, என் வீட்டில் நடக்கிறது. பிற்பாடு ஒரு திருத்தத்தில் சேவ் செய்துவிட்டு வெளியேறும் வசதியைக் கொடுத்தார்கள். அதுதான் சரியான தீர்வும்கூட: பின்னோக்கி ஓட முடியாது, ஆனால் எழுந்து போகலாம். 2025-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அந்தச் சாராயம் இருக்கிறது.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இன்னொரு மாதிரி. ஹீரோ ஒவ்வொரு டிராயரையும் கை நீட்டித் திறப்பான், ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பையில் போடுவான், மானை வேட்டையாடினால் தோல் உரிப்பதை முழுக்கப் பார்க்க வேண்டும், கூடாரங்கள் இருக்கும் முகாமுக்குள் ஓட முடியாது, நடைதான். முதல் முறை பார்க்கும்போது வாய் பிளந்து ரசிப்போம். அப்புறம் அது காத்திருப்பு. முடிவெடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் நேரம் மட்டும் போகிறது. அந்த கேமின் ரசிகர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அந்த நிதானம்தான் அழகு என்பார்கள், நிறைய நேரம் இருக்கிறவர்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ஐத்தான் நான் நிஜத்தில் கெட்டிக்காரன் என்பேன், ஏனென்றால் எங்கே பொய் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஐரோப்பாவை 1:19 என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள், பகல் முழுக்க ஓட வேண்டிய நெடுஞ்சாலை ஒரு காபி நேரத்தில் முடிகிறது. ஆனால் ரிட்டார்டர் என்ற துணை பிரேக், கியர், சிக்னல், டிரெய்லர் திரும்பும் விதம் எல்லாம் சிரத்தையாக இருக்கும். சரக்கை இறக்கும் இடத்தில் ஒரு கேள்வி வரும்: சுலபமான இடத்தில் நிறுத்துகிறாயா, நெருக்கடியான இடத்தில் ரிவர்ஸ் போட்டு நிறுத்திக் கூடுதல் புள்ளி வாங்குகிறாயா, இல்லை அப்படியே விட்டுவிடுகிறாயா? ஒவ்வொரு சவாரிக்கும் தனியாகக் கேட்கிறது. தெம்பிருந்தால் கஷ்டம், தூக்கம் வந்தால் மூன்றாவது. எந்த நேரத்தில் எந்த மனநிலையில் இருப்போம் என்று முதல் திரையிலேயே கேட்காமல், வேலை கண் முன்னால் இருக்கும்போது கேட்கிறார்கள். லெவல் தேர்வை இதைவிடப் பக்குவமாகச் செய்த கேம் எனக்குத் தெரியாது.

நம்மூர்ப் பையன்கள் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியாவில் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் நிறத்தைப் பூசி, ஹாரனை மாற்றி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நிஜம் என்பது எஞ்சின் கணக்கில் இல்லை, முகப்பில் ஊர்ப்பெயர் தெரிவதிலும் ஹாரன் சத்தத்திலும் இருக்கிறது. அதுவும் நியாயமான தேர்வுதான்.

மென்பொருளிலும் நிஜ மோகம் ஒரு காலத்தில் தலைக்கேறியது. 1999-இன் குயிக்டைம் 4-இல் சத்தத்தைக் கூட்ட விரலால் உருட்டுகிற சக்கரம் வைத்தார்கள், பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்குமே அது. விரலுக்கு வசதியான சக்கரம், மவுஸுக்குச் சித்திரவதை. ஆப்பிளின் ஐபேடில் காலண்டருக்குத் தோல் உறையும், கேம் சென்டருக்குச் சூதாட்ட மேசையின் பச்சைத் துணியும் இருந்தன, 2013-இன் ஐஓஎஸ் 7-இல் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தார்கள், துடைத்த வேகத்தில் பட்டன் எது, வெறும் எழுத்து எது என்பதே பல இடங்களில் தெரியாமல் போனது.

மென்பொருளில் எந்தக் கஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்

எளிமையே எப்போதும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், பில்லிங் மென்பொருள் எழுதுகிறவன் சொல்லவும் முடியாது. டாலியில் பல வருடம் உட்கார்ந்த கணக்காளர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இடது கையில் பில் கட்டைப் புரட்டிக்கொண்டே வலது கை தட்டிப் போகிறது, கண் திரைக்குப் போவதே இல்லை. புதியவருக்கு அது பயமுறுத்தும் திரைதான், ஆனால் கற்ற ஒவ்வொரு கீயும் தினமும் நூறு முறை திரும்பக் கிடைக்கிறது.

தமிழ்99 விசைப்பலகையும் இதே ரகம். தமிழக அரசு 1999-இல் தரப்படுத்தியது, இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். அக்கா என்று அடிக்க அ, க, க, ஆ என்று நான்கே தட்டு, இரண்டு க அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் உட்கார்ந்த உடனே அடித்துவிடலாம், ஆனால் ந, ன, ண என்றும் ல, ள, ழ என்றும் ஷிஃப்டோடு மல்லுக்கட்டுவது ஆயுள் முழுக்கத் தொடரும். வாட்ஸாப்பில் நாலு வரி எழுதுகிறவருக்கு ஒலிபெயர்ப்பே போதும், மாற வேண்டாம். தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறவர் தமிழ்99-ஐப் பழகாமல் இருப்பது நேர விரயம், முதல் கொஞ்ச நாள் கை தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பித் தராத கஷ்டத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஏதாவது ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்தால் போதும். குடும்பப் பெயர் கட்டாயம் என்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தான். எஸ் என்று போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கும், புள்ளி வைத்தால் சிறப்புக் குறி கூடாது என்கும், அப்பா பெயரை முழுசாகப் போட்டால் ஆதாரோடு பொருந்தவில்லை என்கும், இத்தனைக்கும் நடுவில் நேரம் முடிந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து வா என்கும். இது டார்க் சோல்ஸ்தான், ஆனால் வெற்றி பெற்றால் கைதட்ட யாரும் இல்லை.

ஆக, நேரம் குறைவாக இருக்கிறவருக்கு நான் சொல்வது: சுவிட்சுகள் உள்ள கேமை முதலில் பாருங்கள், எதிரியின் சாமர்த்தியத்தை உயரத்தில் வையுங்கள், பொருள் தட்டுப்பாட்டைக் குறையுங்கள், பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்கிற இடங்களை ஒரு தட்டாக மாற்ற வழியிருந்தால் மாற்றிவிடுங்கள், நினைத்த நேரத்தில் பாஸும் சேவும் உண்டா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். லெவலே இல்லாத கேம்தான் வேண்டும் என்றால் செகிரோவுக்கு முன் எல்டன் ரிங், பாஸ் இல்லை என்பதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். நிஜ மோடுகளில் முடிவுகளைப் பாதிக்கிறவற்றைப் போடுங்கள், அசைவை மட்டும் மெதுவாக்குகிறவற்றை அணைத்துவிடுங்கள். கணினி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்குகிறீர்கள் என்றால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடத்தை அமைப்புப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ரெட் டெட் 2-க்கு மட்டும் இந்த யோசனை எடுபடாது, தொடக்கத்தில் வருகிற பனிமலையிலிருந்து இறங்குவதற்குள்ளேயே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிருக்கும்.